சூச்சினுக்கு ஒரு படம்

மெங் சூச்சின் இறந்த அன்று பிற்பகலே அவளுடைய தங்கை சூமெய் ரயிலேறி பெய்ஜிங் வந்து சேர்ந்தாள். வந்தாள், அழுதாள், முகம் கழுவினாள், இரண்டு வாய் வெந்நீர் குடித்தாள். பிறகு அத்தானிடம் அவள் கேட்ட முதல் கேள்வி படத்தைப் பற்றித்தான்.

“அத்தான், அக்கா படம் எங்க? நாளைக்கே கடையில குடுத்தாத்தான் நாளன்னைக்குக் காலையில கைக்கு வரும்.”

“இருக்கு, எடுத்துக்கலாம்,” என்றார் தெங் மாஸ்டர்.

நாளன்னைக்குக் காலையில் தகனம். அதற்கு முன் மயானத்துக் கூடத்தில் கறுப்புச் சட்டம் போட்ட படத்தை நடுவில் வைத்து, உறவும் தெருவும் மூன்று முறை குனிந்து விடைகொடுக்க வேண்டும். படம் இல்லாமல் அது நடக்காது. அந்தச் சந்தில் யார் செத்தாலும் இந்தப் படத்துக்காக ஒரு அல்லாட்டம் உண்டு. உடம்பு நன்றாக இருக்கும்போதே நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்து, பெட்டியில் துணிக்கு அடியில் வைத்துவிடுகிற கெட்டிக்காரர்கள் சிலர். மற்றவர்கள் இப்போது என்ன அவசரம் என்று இருந்துவிட்டுப் பிள்ளைகளைத் தவிக்க விடுவார்கள். கோடி வீட்டு ச்சியாவ் கிழவர் படத்தைக் கல்யாணப் படம் ஒன்றிலிருந்து வெட்டியெடுத்ததில், அவர் தோளில் யாருடைய விரல்களோ தங்கிவிட்டன. கும்பிட வந்தவர்கள் எல்லாம் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தெங் மாஸ்டர் வீட்டில் அந்தக் கவலை யாருக்கும் வரவில்லை. முழங்கை நீள லென்ஸ் வைத்த காமிரா இருக்கிற வீடு அது.

“குடுத்து வச்சவ,” என்றாள் பக்கத்து வீட்டு ஃபாங் அம்மா, வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே. “படக்காரர் பொண்டாட்டி. அவ படம் எப்படி இருக்கும்னு பாருங்க. நமக்கெல்லாம் அடையாள அட்டையில இருக்கிற மூஞ்சிதான்.”

இருக்கு என்று தெங் மாஸ்டர் சொன்னது பொய்யில்லை. இருக்கும் என்றுதான் அவரும் நம்பினார்.

தெங் யோங்நியன் பிறவிப் படக்காரர் அல்ல. நகரத்து மின்சாரப் பேருந்துகளின் பட்டறையில் கம்பி பார்க்கிற வேலை. பேருந்தின் தலைமேல் இருக்கிற இரண்டு கோல்களும் மேலே ஓடுகிற கம்பியிலிருந்து நழுவினால் போய் மாட்டுவதும், கம்பி தேய்ந்திருந்தால் மாற்றுவதும் அவர் பாடு. பட்டறை ஆள் என்பதால் ஊருக்கு அவர் தெங் மாஸ்டர். வேலைக்காலம் முழுக்க அண்ணாந்து பார்த்தே கழுத்து பழகிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு அதே கழுத்தை வைத்துக்கொண்டு பூ பார்க்க ஆரம்பித்தார்.

பார்க்க ஆரம்பித்தது சிங்யூன் கோயில் மக்னோலியாவை. மணிக்கூண்டுக்குப் பின்னால் இருக்கிற சந்துகளில் சின்னக் கோயில் அது. எழுபதுகளில் அங்கே சாமியும் இல்லை, சாமியாரும் இல்லை. பட்டறையின் பழைய டயர்களைப் போட்டுவைக்கிற கிடங்காக இருந்தது. டயர் எடுக்கப் போன இளவயது தெங், டயர்க் குவியலுக்கு நடுவில் ஒரு மரம் இலை ஒன்றுகூட இல்லாமல் உடம்பு முழுக்க வெள்ளையாகப் பூத்து நிற்பதைப் பார்த்திருக்கிறார். நம் செண்பகத்துக்குப் பங்காளி முறை அந்த மரம். ஆனால் செண்பகம் இலைக்குள் ஒளிந்துகொண்டு வாசனை விடும். இது முதலில் பூத்துவிட்டுத்தான் இலையைப் பற்றியே யோசிக்கும். பிறகு டயர்கள் போயின, புத்தர் திரும்பி வந்தார், மதிலுக்குச் சிவப்புச் சாயம் அடித்தார்கள், நுழைவுச் சீட்டும் வந்தது. மரம் எதையும் கண்டுகொள்ளாமல் வருஷா வருஷம் பூத்துக்கொண்டிருந்தது.

பூ நிற்பது பத்துப் பன்னிரண்டு நாள். அதற்குள் வடக்கேயிருந்து மண் காற்று ஒன்று வீசினால் போச்சு, ஓரமெல்லாம் பழுப்பேறி ஊறிய தேயிலை மாதிரி தொங்கும். அதனால் அந்த நாட்களில் கோயில் முற்றம் பட்டாளத்தின் பாசறை மாதிரி இருக்கும். ஓய்வு பெற்ற கிழவர்கள் கதவு திறக்கும் முன்பே மடக்கு ஸ்டூல், வெந்நீர்க் குடுவை சகிதம் வரிசையில் நிற்பார்கள். உள்ளே போனதும் ஆளுக்கு ஓர் இடம் பிடிப்பார்கள். கிழக்குப் படிக்கட்டில் நின்றால் சிவப்பு மதிலின்மேல் வெள்ளைப் பூ. மேற்கு மூலையில் நின்றால் பூவுக்குப் பின்னால் பச்சை ஓட்டுக் கூரையின் வளைந்த நுனியும் அதில் வரிசையாக உட்கார்ந்திருக்கிற மண் மிருகங்களும். கிழக்கு தெங் மாஸ்டருக்கு. மேற்கு, தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற லுவோ ஜின்குய்க்கு.

சூச்சின் மிட்டாய் ஆலையில் காகிதம் சுற்றுகிற வேலை பார்த்தவள். ஓய்வுக்குப் பின் அவளும் கணவரோடு பூவுக்கு வந்தாள். வந்தாள் என்பதைவிடக் கூட்டிக்கொண்டு போகப்பட்டாள் என்பது சரி. முக்காலியைத் தூக்கவும், பூவின்மேல் பனித்துளிபோல் தண்ணீர் அடிக்கவும், குறுக்கே வரும் கிளையை இழுத்துப் பிடிக்கவும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. சம்பளமில்லாத ஆள் அவள்தான்.

“கையைக் கொஞ்சம் கீழ. இன்னும் கீழ. உன் கை தெரியுது.”

“நான் நகரணுமா?”

“நகரு. இன்னும். உன் நெழல் சுவத்துல விழுது பாரு, நகரு!”

அவள் நகர்வாள். கிழக்கிலிருந்து நகர்ந்தால் போய்ச் சேரும் இடம் மேற்கு. அங்கே லுவோ கத்துவார்.

“ஏம்ப்பா தெங்! உன் படத்துலேருந்து வெரட்டினா அண்ணி நேரா என் படத்துக்குள்ள வந்து நிக்கிறாங்க. நான் எங்கப்பா வெரட்டறது?”

“நீ எடுக்கிற படத்துக்கு யார் நின்னா என்ன?” என்பார் இவர், கண்ணைக் காமிராவிலிருந்து எடுக்காமலேயே.

முதலில் இது கேலியாகத்தான் இருந்தது. லுவோ கடைசிவரை ஃபிலிம் காமிராக்காரர். தெங் மாஸ்டர் முதியோர் கல்லூரிக் கணினி வகுப்பில் சேர்ந்து, படத்தில் வேண்டாத ஆளைச் சுத்தமாகத் துடைத்தெடுக்கிற வித்தையைக் கற்றுக்கொண்டு வந்தவர். வகுப்பிலேயே அதில் அவர்தான் சூரர். சுற்றுலா வந்த ஒரு பள்ளிக்கூடத்தையே ஒரு படத்திலிருந்து துடைத்துக் காட்டினார். அவர் படம் வட்டார அலுவலகக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கி அங்கேயே நடைபாதையில் தொங்கியது. சிவப்பு மதில், வெள்ளைப் பூ, வேறொன்றும் இல்லை. ஒருநாள் வாய்ச்சண்டை முற்றியது. உன் ஃபிலிம் டப்பாவைக் காயலான் கடையில் போடு என்றார் இவர். உன் படத்தில் ஒரு ஈ காக்கை உண்டா, செத்த வீடு மாதிரி இருக்கிறது என்றார் அவர். அதோடு பேச்சு நின்றது. அதற்குப் பிறகு வந்த வசந்தங்களிலும் இருவரும் அதே மரத்தடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். சூச்சின் மட்டும் தேயிலையில் வேகவைத்த முட்டையில் இரண்டைக் கணவருக்குத் தெரியாமல் லுவோவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் தனக்காக ஒரே ஒரு படம் கேட்டிருக்கிறாள். கல்லறைகளைக் கூட்டிச் சுத்தம் செய்கிற ச்சிங்மிங் நாளில், அம்மாவின் கல்லறையிலிருந்து திரும்பும்போது பேருந்தில் கேட்டாள். கல்லறைக் கல்லில் இருந்த அம்மா படம் வேலை அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கியது.

“எங்கம்மாவைப் பாத்தீங்களா, யாரோ திட்டினமாதிரி முழிச்சிட்டிருக்கா. காலத்துக்கும் அப்படியேதான் இருப்பா. எனக்கு நல்லதா ஒண்ணு எடுத்து வச்சிடுங்க.”

“எடுக்கலாம். வெளிச்சம் சரியா வரட்டும்.”

அடுத்த வருஷமும் கேட்டாள். அப்போது பூவின் வெளிச்சம் சரியாக வந்திருந்தது, அதை விட்டுவிட்டு இவளை எடுக்க நேரமில்லை. அதற்கு அடுத்த வருஷம் அவள் கேட்கவில்லை. கேட்காததை அவர் கவனிக்கவும் இல்லை.

விளக்குத் திருநாள் கழிந்து நாலு நாள்கூட ஆகாத ஒரு காலையில், வெங்காயத்தாள் வாங்க வரிசையில் நின்றவள் அப்படியே உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே இதயம் நின்றுவிட்டது.

சூமெய் கேட்ட பிறகு தெங் மாஸ்டர் கணினி முன்னால் போய் உட்கார்ந்தார். வருஷவாரியாக, கோயில்வாரியாக எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தது. அதில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கில் பூ. மொட்டு, விரிந்தது, பாதி விரிந்தது, பனியில் நனைந்தது, சூச்சின் அடித்த தண்ணீரில் நனைந்தது. ஒரு படத்தில் மதிலின்மேல் சாம்பல் நிறமாக ஒரு நிழல், கொண்டையோடு. இன்னொன்றில் கிளையைப் பிடித்திருக்கிற நாலு விரல். மற்றொன்றில் அரக்குக் கலர்ப் பஞ்சு கோட்டின் முதுகு. முகம் இல்லை.

துடைத்த படங்கள் ஞாபகத்துக்கு வந்தன. அவற்றில் அவள் இருந்தாள். முகத்தோடு இருந்தாள், அதனால்தான் துடைத்தார். துடைக்காத பழைய படத்தை வேறாக வைத்திருக்க வேண்டும். அவர் வைக்கவில்லை, அதன் மேலேயே சேமித்துவிட்டார். இடம் மிச்சம் என்று அதையும் வகுப்பில் பெருமையாகச் சொல்லிக்கொண்டவர் அவர். பரிசு வாங்கிய படத்தைத் திறந்தார். இடது ஓரத்தில் மதில் கொஞ்சம் கூடுதல் வழவழப்பாக இருந்தது. அங்கேதான் அவள் நின்றாள். திரையில் எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் சாயம்தான் தெரிந்தது.

சூமெய் வைத்த கஞ்சி ஆறி ஏடு கட்டியது. கிடைச்சுதா அத்தான் என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். பாத்துக்கிட்டிருக்கேன் என்றார். எழுபதை நெருங்குகிற ஆள், திருட்டு முழி முழித்தார்.

மகள் யுவே மறுநாள் காலை ஷென்ஜெனிலிருந்து விமானத்தில் வந்தாள். தன் கைபேசியில் இருந்ததையெல்லாம் காட்டினாள். பாட்டி பேத்தியைத் தூக்கி வைத்திருக்கும் படம், பேத்தியின் தொப்பி பாட்டி முகத்தை மறைத்தது. யுவே கல்யாணத்து ஆல்பத்தில் அம்மா கண்ணை மூடியிருந்தாள். புத்தாண்டு விருந்துப் படம் எதிலும் அவள் இல்லை, அடுப்படியில் இருந்தாள். மிச்சம் அடையாள அட்டை. அதில் இருந்தவளைப் பார்த்தால், திட்டு வாங்கிய அவள் அம்மாவே தேவலை.

“அப்பா, இத்தனை படத்துல அம்மா ஒண்ணுல கூடவா இல்ல?”

“தேடிட்டேன்.”

“நீங்க எங்க போனாலும் கூடவே வந்தாங்களேப்பா. அந்தக் குளிர்ல, மூட்டுவலியோட.”

“வந்தா.”

“அப்ப எங்கப்பா போனாங்க, உங்க படத்துலேருந்து?”

யுவே சத்தம் போடுகிற பெண் இல்லை. சத்தம் போட்டிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். சூமெய் அடையாள அட்டையைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள்.

“அதைக் குடுக்காதே,” என்றார் தெங் மாஸ்டர். “மத்தியானம் வரைக்கும் பொறு.” கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

லுவோ வீடு இரண்டு சந்து தள்ளி, ஐந்து குடும்பம் இருக்கிற பழைய முற்றத்தில். தெங் மாஸ்டர் போனபோது லுவோ நூடுல்ஸுக்குச் சோயாக் கூழும் பன்றிக்கறியும் போட்டு வதக்கிக்கொண்டிருந்தார். கதவிடுக்கில் பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது, ஆனாலும் கேட்டார்.

“யாரது?”

“நான்தான்.”

“நான்தான்னா ஊர்ல எத்தனையோ பேரு. பூ இன்னும் மொட்டே விடலயேப்பா, அதுக்குள்ள சண்டைக்கு வந்துட்டியா?”

“சூச்சின் போயிட்டா, லுவோ.”

கரண்டி நின்றது. “அண்ணியா?” என்றார் லுவோ. “எப்ப? ஏன்டா எனக்கு யாரும் சொல்லல?” பிறகு தானே, “எவன் சொல்லுவான், நாமதான் பேசறதில்லையே,” என்று அடுப்பை அணைத்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். தெங் மாஸ்டர் உட்காரவில்லை.

“நாளைக்குக் காலையில எடுக்கிறோம். படம் ஒண்ணு வேணும்.”

“என்ன படம்?”

“அவ படம்.”

“உன் வீட்டுல இல்லாத படமா என்கிட்ட இருக்கப் போகுது?” சொல்லிவிட்டுத்தான் லுவோ எதிரில் நின்ற முகத்தைப் பார்த்தார். விஷயம் புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வேறு ஏதாவது ஒரு நாளாக இருந்தால் அதை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் சிரித்திருப்பார். அன்று கையைத் துடைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் குனிந்தார்.

நிலாப் பணியாரம் வரும் தகர டப்பாக்கள் ஏழெட்டு வெளியே வந்தன. எல்லாவற்றிலும் படங்கள், வருஷமும் இல்லை, வரிசையும் இல்லை. லுவோ அவற்றை மெத்தைமேல் கொட்டினார். பச்சை ஓட்டுக் கூரை, மண் மிருகங்கள், வெள்ளைப் பூ, அதற்குக் கீழே எங்கேயாவது ஓர் ஓரத்தில் அரக்குக் கலர்ப் பஞ்சு கோட்டு.

“இதுல இருக்காங்க பாரு. இதுலயும். கெட்டுப்போச்சேன்னு தனியாப் போட்டு வச்சேன், அப்புறம் எல்லாம் கலந்துபோச்சு. என் படத்தைக் கெடுக்கிறதுக்குன்னே வருவாங்க, பாவம்.”

தெங் மாஸ்டர் ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சூச்சின் மதிலோரம் உட்கார்ந்து சூரியகாந்தி விதை உடைத்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கிழவியிடம் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள், சிரிப்பில் குனிந்துவிட்டதால் உச்சந்தலைதான் விழுந்திருந்தது. கோட்டு ஒன்றே. முடி மட்டும் படத்துக்குப் படம் வெளுத்துக்கொண்டு வந்தது. ஒன்றில், கலர் கலராகத் துப்பட்டா வீசிக்கொண்டு மரத்தடியில் படமெடுத்துக்கொள்ள வருகிற பெண்கள் கூட்டத்தில் அவளும் நின்றாள். யாருடைய பச்சைத் துப்பட்டாவையோ இரவல் வாங்கி இரண்டு கையாலும் தலைக்கு மேல் விரித்துப் பிடித்திருந்தாள். முகத்துக்குப் பாதியில் துணி வந்துவிட்டது.

“இது அவளா?”

“பின்ன யாரு? அந்தப் பொம்பளைங்களோட வருஷா வருஷம் ஆடுவாங்களே. உனக்குத் தெரியாதா?”

“தெரியாது.”

“எப்படித் தெரியும்? நீதான் அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு நின்னே.”

குத்திக்காட்டவேண்டும் என்று லுவோ சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். தாம் நின்ற இடத்துக்குப் பத்தடி தள்ளி அவள் இத்தனை வசந்தத்தை வாழ்ந்து முடித்திருக்கிறாள், அதில் ஒன்றைக்கூடத் தாம் பார்க்கவில்லை என்பது தெங் மாஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. தண்டம், தண்டம் என்று வாய்க்குள் தம்மையே திட்டிக்கொண்டார்.

கடைசி டப்பாவில் அது கிடைத்தது. நேர் முகம். மார்பு வரைக்கும் சூச்சின், பின்னால் வெள்ளைப் பூக்கள், ஓட்டின் நுனி கொஞ்சம். முகம் தெளிவாக, கூர்மையாக விழுந்திருந்தது. புருவம் ஏறியிருந்தது. உதடு பிரிந்து, ஏதோ கேட்க வாயெடுத்தது போலிருந்தது. வலது கை உள்ளங்கை தெரிய நெஞ்சு உயரத்துக்கு எழுந்திருந்தது.

“இது போன வருஷம்,” என்றார் லுவோ. “முட்டை குடுத்தாங்க. நல்ல வெயிலு, மூஞ்சியில பளிச்சுன்னு விழுந்தது. சரி, ஒண்ணு எடுத்துக் குடுப்போம்னு, அண்ணி இங்க பாருங்கன்னேன். திரும்பினாங்க. திரும்பறப்பவே கையைத் தூக்கிட்டு அப்படி ஓரமாப் போயிட்டாங்க. இன்னொண்ணு எடுக்கவே விடல. ஏன்னு தெரியல.”

தெங் மாஸ்டருக்குத் தெரிந்தது. அந்த முகத்தை அவர் பார்த்ததில்லை. அந்தக் குரலைத்தான், காமிராவில் கண்ணை வைத்தபடி, வருஷக்கணக்காகக் கேட்டிருந்தார். அந்தக் குரலுக்கு முகம் இப்படித்தான் இருந்ததா? ஸ்டூலில் உட்கார்ந்தார். லுவோ ஒரு கோப்பை வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார், பிறகு கிளம்பும்போது கூடவே கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

ஸ்டூடியோவில் இருந்த பெண் சின்ன வயசு. படத்தை வாங்கிக் கணினியில் ஏற்றிப் பார்த்தாள்.

“முகம் நல்லா விழுந்திருக்கு தாத்தா. பின்னாடி பூவை எடுத்துட்டு நீலம் போட்டுடலாம். எல்லாருக்கும் அதுதான் போடுவோம். இந்தக் கையைத் துடைச்சிடறேன். அஞ்சு நிமிஷம், தடமே தெரியாது.”

“தெரியாதுன்னு எனக்குத் தெரியும்மா,” என்றார் அவர். “துடைக்க வேண்டாம்.”

“கை இருந்தா நல்லா இருக்காதே. இது மாதிரிப் படத்துக்குக் கையெல்லாம்…”

“ஒண்ணையும் துடைக்க வேண்டாம். அப்படியே போட்டுக் குடு.”

அந்தப் பெண் லுவோவைப் பார்த்தாள். பெரியவர் சொல்றபடி செய்ம்மா என்றார் லுவோ. வீட்டில் யுவேயும் முதலில் அதையேதான் சொன்னாள், கையை வெட்டிவிட்டிருக்கலாமே என்று. பிறகு லுவோவின் மூலப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அம்மா மாதிரியே இருக்காங்க என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் கையைப் பற்றிப் பேசவில்லை.

மயானத்தில் விடைகொடுக்கும் கூடங்கள் வரிசையாக ஐந்தாறு இருக்கும். ஒரு குடும்பத்துக்கு இருபது நிமிஷம், முடிந்தால் அடுத்தவர்கள். வெளியே குளிரில் ஒரு கூட்டம் வேறு யாருடைய படத்தையோ ஏந்திக்கொண்டு காத்திருந்தது. உள்ளே மேஜைமேல், கறுப்புச் சட்டத்துக்குள், வெள்ளைப் பூக்களுக்கு முன்னால் சூச்சின் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். ஃபாங் அம்மா வந்தாள். மிட்டாய் ஆலைப் பெண்கள் நாலு பேர் வந்தார்கள். கழுத்தில் கலர்த் துணியில்லாமல் துப்பட்டாக் கூட்டத்தார் வந்ததும், அவர்கள் தம்மைவிட அதிகமாக அழுததும் தெங் மாஸ்டருக்கு ஆச்சரியமாக இருந்தது. எல்லோரும் மூன்று முறை குனிந்தார்கள். நிமிர்ந்ததும் ஒரு கணம் படத்தையே பார்த்தார்கள்.

“நல்ல படம்,” என்றாள் ஃபாங் அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “நான் அப்பவே சொன்னேன்ல? படக்காரர் வீடுன்னா சும்மாவா?”

“நான் எடுக்கல,” என்றார் தெங் மாஸ்டர். “லுவோ எடுத்தது.” சத்தமாகவே சொன்னார், பின்வரிசையில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற லுவோவுக்கும் கேட்டது.

சூமெய் படத்துக்குக் கிட்டே போய் நின்றாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“அத்தான், அக்கா என்னமோ சொல்ல வர்றாளே?”

“கேக்கிறா,” என்றார்.

“என்ன கேக்கிறா?”

“நான் நகரணுமான்னு கேக்கிறா. எப்பவும் கேப்பா.”

சூமெய்க்குப் புரியவில்லை. யுவேவுக்குப் புரிந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். அதற்குள் நீலச் சீருடை போட்ட சிப்பந்தி கதவைப் பாதி திறந்து தலையை நீட்டினான்.

“நேரமாச்சு ஐயா, அடுத்தவங்க நிக்கிறாங்க. கொஞ்சம் நகர்ந்துக்கறீங்களா?”

கூட்டம் மெதுவாகக் கதவுப் பக்கம் ஒதுங்கியது. தெங் மாஸ்டர் மேஜைக்கு எதிரில், காமிராவுக்குப் பின்னால் நிற்கிற அதே தூரத்தில், நின்றுகொண்டிருந்தார். படத்தைப் பார்த்தார்.

“நீ இரு, சூச்சின்,” என்றார். “நான் நகர்ந்துக்கறேன்.”